கடைசிப் பந்தி

எத்திராஜ் கையிலிருந்து எதுவும் சிந்தாது என்று எங்கள் சபையில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரே எத்திராஜ்தான் என்பது என் சந்தேகம். மனிதர் அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப் ஒன்றில் ஹெல்பராகச் சேர்ந்து, ஆபரேட்டராகி, கடைசியில் சரக்கைச் சோதித்து அனுப்பும் இன்ஸ்பெக்டராக உட்கார்ந்தவர். அந்தத் தொழிலில் பத்து விரலோடு ஓய்வு பெறுவது சின்ன விஷயமில்லை. கல்யாண வீடானாலும் கருமாதி வீடானாலும், இரண்டு கையையும் விரித்துக் காட்டாமல் அவர் பேச்சை முடித்து நான் பார்த்ததில்லை.

"தெரிஞ்சே அனுப்பின ரிஜெக்ட் பீசு ஒரு நாளு ஊடு தேடி வரும்பா" என்பது அவருடைய இன்னொரு பாட்டு. கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துவிட்டது.

பிறந்தது சென்னீர்குப்பம். அப்பா ஊரான் வயலில் கூலிக்கு நட்டவர். அந்த வயலில் இப்போது கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. அதற்காக எத்திராஜ் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. ஐ.டி.ஐ.யில் கூடப் படித்தவன் ஒருவன், கிறிஸ்துமஸ் கேரலுக்கு ஆள் போதவில்லை என்று அவரை எங்கள் சபைக்கு இழுத்து வந்தான். வந்தவர் போகவில்லை. ஞானஸ்நானத்தின்போது புதுப் பெயர் வைக்கலாமா என்று கேட்டதற்கு, "பேக்டரில எத்திராஜ்னு கீது சார், மாத்தினா சம்பளம் நின்னுடும்" என்றாராம்.

மனைவி சபீனா ஆவடிக்காரி, கத்தோலிக்கப் பெண். கல்யாணப் பேச்சிலேயே ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை புருஷனோடு எங்கள் ஆராதனைக்கு வருவாள். ஆனால் நற்கருணை மட்டும் தன்னுடைய கோயிலில் சனிக்கிழமை சாயங்காலப் பூசையில்தான் வாங்குவாள். எங்கள் அப்பத்தை அவள் நாக்கில் வைத்ததேயில்லை. யாராவது துருவிக் கேட்டால், "உங்குளுது ஆண்டவரு ஞாபகம். எங்குளுது ஆண்டவரே" என்று ஒரே வரியில் வாயை அடைத்துவிடுவாள். எங்கள் சபையோ இரண்டுக்கும் நடுவே நிற்பது. அது அப்பம்தான், வெறும் அப்பமும் இல்லை என்போம். அதெப்படி என்று கேட்டால் இருமிவிட்டுப் பாட்டு நம்பரைத் தேட ஆரம்பித்துவிடுவோம்.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்குத் திருவிருந்து. எங்கள் குருவானவரை ஐயர் என்போம். ஐயர் பீடத்தில் அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் வைத்து ஜெபம் பண்ணுவார். பிறகு சனங்கள் பந்தி பந்தியாகப் போய்ப் பீடத்துக்கு முன்னால் உள்ள கம்பியோரம் முழங்கால் போடுவார்கள். ரசம் ஊற்றுவது, தட்டு எடுத்துக் கொடுப்பது எல்லாம் எத்திராஜ் வேலை. சர்க்கரைக்காரர்களையும், மது என்றாலே முகம் சுளிப்பவர்களையும் நினைத்து ரசத்தில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்துதான் ஊற்றுவார். புளித்த தண்ணீர் போலத்தான் இருக்கும். யாரும் குறை சொன்னதில்லை. அதை ருசிக்காகவா குடிக்கிறோம்?

முன்பெல்லாம் ஒரே வெள்ளிப் பாத்திரம். எல்லோரும் அதில்தான் ஒரு மிடறு குடிப்போம். கொரோனா வந்து போன பிறகு பாதிப் பேர் பயந்துபோய் அப்பத்தை மட்டும் வாங்கிக்கொண்டு எழுந்தார்கள். அப்போதுதான் எத்திராஜ், ஆளுக்கொரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம் வைக்கலாம் என்று கமிட்டியில் கிளப்பினார். பழைய மூப்பர் பரந்தாமனுக்கு வந்ததே கோபம்.

"ஒரே அப்பம், ஒரே பாத்திரம். அதுதான் திருவிருந்து. ஆளுக்கொரு கிளாஸ் வெச்சா அதுக்குப் பேர் வேற. ஒயின் ஷாப்!"

"ரத்தம் ஒன்னுதானேய்யா, கிளாசு எத்தினி இருந்தா இன்னா?" என்றார் எத்திராஜ்.

மூன்று கூட்டம் நடந்தது. ஒரு பாத்திரம் உடைந்தால் ஒரு சரீரம் உடையும் என்றது ஒரு கட்சி. எச்சிலில்தான் ஐக்கியம் இருக்கிறதா என்றது இன்னொரு கட்சி. நானும் கமிட்டியில் இருந்தேன். எந்தக் கட்சியிலும் சேராமல் டீ குடித்தேன். கடைசியில் எத்திராஜ் பக்கம் ஜெயித்தது. பரந்தாமன் எழுந்து போகும்போது, "சிந்தும் பாரு. ஒரு நாள் இல்ல ஒரு நாள் சிந்தும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எத்திராஜ் வழக்கம்போலப் பத்து விரலையும் விரித்துக் காட்டினார்.

இனி சரசாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற ஜெகதீசன் அண்ணன் மனைவி. ஒரே மகள் ரோஷினி, அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். அன்றிலிருந்து சரசா அவளோடு பேசவில்லை. திருவிருந்துக்கு முன்னால் ஐயர் வழக்கமாக ஓர் அழைப்புக் கொடுப்பார்: பிறரோடு சமாதானமாக இருக்கிறவர்கள் மட்டும் வாருங்கள் என்று. அண்ணன் தம்பிமேல் கேஸ் போட்டவர்களெல்லாம் அதைக் கேட்டுக்கொண்டே எழுந்து போய் முழங்கால் போடுவோம். சரசா மட்டும் அந்த வார்த்தையை மெய்யென்று எடுத்துக்கொண்டாள். "பொண்ணு மூஞ்ச பாக்க மாட்டேன்னு சொல்லிக்கினு அந்த ரசத்த எப்டி குடிக்கிறது?" என்று கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுவாள். மாதங்கள் வருஷங்களாயின. வற்புறுத்திக் கூப்பிட எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அது அவள் சுபாவம் என்று விட்டுவிட்டோம்.

போன ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ரோஷினி கைக்குழந்தையோடு வந்து வாசலில் நின்றாள். உள்ளே வா என்று சரசா சொல்லவில்லை. நேராகப் போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டாளாம். மறுநாள் திருவிருந்து. சரசா புருஷனோடு எழுந்து கடைசிப் பந்திக்கு வந்தாள். எங்கள் சபையே திரும்பிப் பார்த்தது.

சரியாக அந்தப் பந்திக்குத்தான் எத்திராஜ் கையிலிருந்து தட்டு சரிந்தது.

பீடத்தோரத்துச் சிறு மேசையிலிருந்து கடைசித் தட்டை எடுத்துத் திரும்பும்போது கம்பள ஓரம் காலில் மாட்டியது. கிண்ணங்கள் கம்பளத்தில் சத்தமில்லாமல் உருண்டன, ரசம் முழுக்கக் கீழே. சனங்கள் கண்ணை மூடி முழங்காலில் இருந்தார்கள்; ஐயர் மறுமுனையில் முதுகைக் காட்டியபடி அப்பம் கொடுத்துக்கொண்டிருந்தார். கம்பளமும் சிவப்பு. கறைகூடத் தெரியவில்லை.

ஐயரிடம் சொல்லியிருக்கலாம். புதிதாக ஊற்றிய ரசத்தின்மேல் ஜெபத்தின் சில வரிகளைத் திரும்பச் சொல்வார்; அதற்கென்று முறையே இருக்கிறது. ஒரு நிமிஷ வேலை. ஆனால் முன் வரிசையில் பரந்தாமன் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்; ஐயர் மறுபடி ஜெபித்தால் அவருக்குத் தெரிந்துவிடும். எத்திராஜ் விறுவிறுவென்று பக்கத்து அறைக்குப் போனார். கிண்ணங்களை நிமிர்த்தி, புட்டியிலிருந்து அப்படியே ஊற்றினார். தண்ணீர் கலக்க நேரமில்லை. ஜெபம் பண்ணாத ரசத்தைக் கொண்டுவந்து ஐயர் கையில் கொடுத்தார். ஐயர் அதைக் கிறிஸ்துவின் இரத்தம் என்று சொல்லி ஒவ்வொருவருக்கும் கொடுத்தார். சரசா குடித்துவிட்டு எழுந்திருக்கவில்லை. எல்லோரும் போன பிறகும் கம்பியில் நெற்றியை வைத்தபடியே இருந்தாள். ஜெகதீசன் அண்ணன்தான் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிப் போனார்.

அந்த வாரமே, துணி உலர்த்த மாடிக்குப் போன சரசா இறங்கி வரவில்லை. மாரடைப்பு.

நினைவு ஆராதனையில் ஜெகதீசன் அண்ணன் மைக்கைப் பிடித்தார். பஸ் படிக்கட்டில் தொங்கியவர்களை விரட்டிய குரல் அன்று உடைந்து உடைந்து வந்தது.

"அன்னிக்கி ஊட்டுக்கு வந்து சரசா இன்னா சொன்னா தெரியுமா? 'இன்னா தித்திப்புங்க இன்னிக்கி ரசம்! இத்தினி வருசம் கழிச்சி வந்தவளுக்குன்னு ஆண்டவரு நல்லதா எடுத்து வெச்சிருந்தாரு போல'ன்னா. நானும் அவ பக்கத்துலதான் குடிச்சேன். மெய்யாலுமே தித்திச்சுது. மொத பந்தில குடிச்சவங்கள கேட்டேன், எப்பவும்போலதான் இருந்துச்சுன்றாங்க. கானாவூர் கல்யாணத்துல தண்ணிய மாத்தி கடைசில குடுத்தாரே நல்ல ரசம், அத்த என் பொண்டாட்டிக்கு குடுத்து அனுப்பிக்கிறாரு ஆண்டவரு."

சபை விம்மியது. நானும் அழுதேன். வெளியே வந்த பரந்தாமன், கண்ணைத் துடைத்துக்கொண்டு எத்திராஜின் இரண்டு கையையும் பிடித்தார். "நான் எதிர்த்துப் பேசினேன், எத்திராஜ். உன் கிளாஸ்லதான் ஆண்டவர் அற்புதம் பண்ணியிருக்கார்." எத்திராஜ் கையை உருவிக்கொண்டு பக்கத்து அறைக்குள் போனார். அங்கே ரசப் புட்டி அலமாரியில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். அவர் தெரிந்தே அனுப்பிய பீசு, மாலை மரியாதையோடு திரும்பி வந்திருந்தது.

அதற்குப் பிறகு மனிதர் பாதியானார். சோறு இறங்கவில்லை. யாருக்கும் விரலை விரித்துக் காட்டவில்லை. இதெல்லாம் சபீனா பிற்பாடு எங்கள் வீட்டில் வந்து அழுதுகொண்டே சொன்னது. ஒரு நாள் அடுப்படியில் அவளிடம்தான் முதலில் உண்மையை உடைத்திருக்கிறார். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்போ சரசாக்கா வெறுங்கையோடயா போச்சு, மாமா?"

"நீதானே எங்க கோயில்ல வெறும் ஞாபகம்னு சொல்லுவே? ஞாபகத்துக்கு ஜெபம் பண்ணினா இன்னா, பண்ணாட்டி இன்னா?"

"நான் சொல்லுவேன். அது அப்டியா நெனச்சுது? ஆண்டவருன்னு நம்பித்தானே அத்தினி வருசம் வாங்காம கெடந்துச்சு? ஆண்டவருன்னு நம்பித்தானே வந்து முழங்கால் போட்டுச்சு?"

அவளுக்கு அவரைக் குத்த வேண்டுமென்று எண்ணமில்லை. வாயில் வந்ததைச் சொன்னாள். அவர் அன்று சாப்பிடாமலே எழுந்துவிட்டார்.

ஆறுதல் தேடி வேம்புலியிடம் போனார். எத்திராஜோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவன். இப்போது வேலப்பன்சாவடியில் ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறான். பெயர் வேம்புலி, ஜெபத்தில் பேசுவது அந்நிய பாஷை. ஆனால் மனசு தங்கம்.

"இதுக்கா அண்ணாத்தே இளைச்சுகினு போற? எங்க சபைல பாஸ்டரம்மா திராட்சைய வேக வெச்சு புழிஞ்சு ஊத்துது. அது ஞாபகார்த்தம், அவ்ளோதான். ரசத்துல ஒன்னும் கெடையாது. கொட்டிச்சா, தொடச்சிட்டு வேற ஊத்து!"

எத்திராஜுக்கு நெஞ்சிலிருந்து கல் இறங்கியது போல இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் மறுபடியும் ஏறிக்கொண்டது. வெறும் ரசம்தான் என்றால் சிந்தியதை ஏன் மறைத்தேன்? வெறும் ரசத்துக்கு யாராவது பயப்படுவார்களா? வேம்புலி சொன்னது சரியாகவே இருந்தாலும், அந்த நிமிஷத்தில் எத்திராஜ் அதை நம்பியிருக்கவில்லை. அது ஆண்டவருடையது என்று நம்பிக்கொண்டே மாற்றி வைத்தார். அதுதான் அவரைத் தின்றது.

கடைசியில் ஐயரிடம் போனார். இளவயது ஐயர், தெற்கே நாசரேத் பக்கத்துக்காரர். முழுக்கக் கேட்டார்.

"ஆண்டவர் அந்த அம்மா முழங்காலைப் பார்த்திருப்பார், உங்க தட்டை இல்ல. அவங்க வாங்காமப் போகலைன்னுதான் நான் நம்புதேன். ஆனா நீங்க மறைச்சது தப்பு, எத்திராஜ். அது வேற கணக்கு."

"ஜெகதீசண்ணன் கைல சொல்லிடட்டுமா, ஐயா?"

"வேண்டாம். அவருக்கு இருக்கிறது அந்த ஒரு ஆறுதல்தான். அதைப் பிடுங்காதீங்க."

சொல்லாமல்தான் இருந்திருப்பார். ஜெகதீசன் அண்ணன் விட்டால்தானே? சரசாவின் கல்லறைக்குக் கல் வைக்க வேண்டும், கூட வா என்று எத்திராஜைத்தான் கூப்பிட்டார். "நீ ஊத்தினதத்தானே கடைசியா குடிச்சா, நீதான் வரணும்" என்று பூந்தமல்லி ரோட்டுக் கல் பட்டறைக்குக் கூட்டிப் போனார். கருங்கல் பலகை ஒன்றைத் தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். சிற்பி சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு, பேருக்குக் கீழே என்ன வாசகம் போட வேண்டும் என்று கேட்டான்.

"நல்ல ரசத்தைக் கடைசி வரை வைத்திருந்தீர். அப்டியே போடு" என்றார் ஜெகதீசன் அண்ணன்.

சிற்பி குனிந்து முதல் எழுத்தைச் சாக்குக்கட்டியால் வரைந்தான். எத்திராஜ் அவன் கையைப் பிடித்துவிட்டார்.

"அண்ணா, அது ஆண்டவரு வெச்சது இல்ல. நான் மாத்தி ஊத்தினது."

கல் வெட்டும் மிஷின் சத்தத்துக்கு நடுவே, கம்பளம் தடுக்கியதிலிருந்து புட்டி வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். ஜெகதீசன் அண்ணன் கத்தவில்லை. பலகைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"ஜெபம் பண்ணவே இல்லியா?"

"இல்லண்ணா."

"பரந்தாமன் இன்னா சொல்வாரோன்னு பயந்துகினா?"

"ஆமாண்ணா."

"சரி. அத்த ஏன்டா எங்கிட்ட சொன்ன?" அவர் குரல் அப்போதுதான் ஏறியது. "நீ இறக்கி வெச்சுட்ட. நான் எங்கடா இறக்கி வைக்கிறது? அவ செத்துட்டா. இன்னொரு தபா கூட்டிக்கினு வந்து குடுப்பியா நீ?"

ஜெகதீசன் அண்ணன் எழுந்து, வேட்டியில் ஒட்டிய கல்தூளைத் தட்டாமலே ரோட்டுக்கு நடந்தார். வாசகம் பிறகு சொல்வார்கள் என்று சிற்பி பேரை மட்டும் வெட்ட ஆரம்பித்தான்.

எத்திராஜ் பீட வேலையை விட்டுவிட்டார். முழங்கால் வலி என்று கமிட்டியில் சொல்லச் சொன்னார், சொன்னோம். அடுத்த திருவிருந்து ஞாயிறு வந்தது. ஐயர் அழைப்புக் கொடுத்தார்: பிறரோடு சமாதானமாக இருக்கிறவர்கள் வாருங்கள். பந்தி பந்தியாகச் சனங்கள் எழுந்தார்கள். எத்திராஜ் கடைசி பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அது சரசாவின் பெஞ்சு. அவர் தெரிந்துதான் அங்கே உட்கார்ந்தாரா என்று எனக்குத் தெரியாது.

கடைசிப் பந்திக்கு எழுந்த ஜெகதீசன் அண்ணன் நடு வழியில் நின்றார். பிறகு திரும்பி அந்தப் பெஞ்சுக்கு வந்தார். நான் அதற்கு முன் பெஞ்சில் இருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது.

"எழுந்திரு."

"வோணாண்ணா. நான் வாங்கக் கூடாது."

"அவளும் இப்டித்தான் சொல்லிக்கினு இங்கியே குந்தினு இருந்தா. வான்னு ஒருத்தரும் கூப்புடல. நான் புருசன், நானே கூப்புடல." அண்ணன் மூச்சு வாங்கினார். "எனுக்கு உம்மேல கோவம் போவல. அது போனப்புறம் கூப்புடலாம்னா அதுக்குள்ள நானே செத்துடுவேன். எழுந்திரு."

இரண்டு பேரும் போனார்கள். கம்பியோரம் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் போட்டார்கள். நான் அதே வரிசையில் ஓர் ஆள் தள்ளி. எத்திராஜ் பத்து விரலையும் விரித்து நீட்டினார். அப்பத்தை ஐயர்தான் உள்ளங்கையில் வைத்து மூட வேண்டியிருந்தது. சின்னக் கிண்ணம் வந்தது. ஜெகதீசன் அண்ணன் ஒரே மடக்காகக் குடித்தார். கிண்ணத்தை உற்றுப் பார்த்தார்.

"தண்ணி கலந்துகீது" என்றார், பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"ஆமாண்ணா. எப்பவும் கலக்கறதுதான்."

"அவளுக்குக் கலக்கல."

எத்திராஜ் அழ ஆரம்பித்தார்.

"கல்லுல அதே வரியத்தான் போடச் சொல்லப்போறேன்" என்றார் ஜெகதீசன் அண்ணன். "அவ அத்த நம்பினா. அவ நாக்குல அது தித்திச்சுது. அத்த மாத்த எனுக்கு மனசு வரல. நீ கல்லறைக்கு வரும்போதெல்லாம் படி. எனுக்கு அது ஆறுதலா இருக்கட்டும். உனுக்குக் குத்தட்டும்."

கல் வைத்தாயிற்று. அந்த வரியைப் பற்றி வெளியூர்க்காரர்கள் கேட்டால் பரந்தாமன் இன்றைக்கும் அந்த அற்புதத்தைச் சொல்லி அழுவார். அவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. எத்திராஜ் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபீனாவை பஸ் ஏற்றிவிட்டுத் தனியாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறார். துடைப்பமும் ஒரு வாளித் தண்ணீரும் கொண்டுபோய் சரசாவின் கல்லைக் கழுவுகிறார். எழுத்துக்குள் அடைத்த மண்ணை விரலால் நோண்டி எடுக்கிறார். அதற்காக அந்த வரியை ஒவ்வோர் எழுத்தாக, முழுவதும் படித்தாக வேண்டியிருக்கிறது.